சுருட்டைமுடிக்கு இதமான ஷாம்பூ: யாழ்ப்பாணத்துக் கிணற்றுத் தண்ணீரில் தோய்பவர்களுக்கு

தேத்தண்ணிக்குக் கொதிக்கவைக்கும் கேத்திலின் உட்புறத்தை ஒருமுறை பாருங்கள். அடியில் வெள்ளையாய்ப் படிந்திருப்பது சுண்ணாம்பு. ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு குடாநாட்டில் இல்லை. மழைத்தண்ணீர் சுண்ணாம்புக்கல்லுக்குள் இறங்கித் தேங்குகிறது. அதைத்தான் கிணற்றில் அள்ளுகிறோம். கல்லிலிருந்து கரைந்த கல்சியமும் மக்னீசியமும் அதே தண்ணீரோடு நம் தலைக்கும் வருகின்றன.

நீளமான, வரண்ட, சுருண்ட முடி உள்ளவர்கள் ஷாம்பூவை மாற்றி மாற்றி வாங்கிக் களைத்துப்போவதை நான் நிறையப் பார்க்கிறேன். அவர்களிற் பலர் தண்ணீரைக் கணக்கில் எடுப்பதே இல்லை. அதனால் இந்த வழிகாட்டி கிணற்றிலிருந்து தொடங்குகிறது. போத்தலைத் தெரிவு செய்வதும் தோயும் முறையும் அதற்குப் பிறகுதான்.

முதலில் தண்ணீரைச் சோதியுங்கள்

மூடியுள்ள தெளிந்த போத்தல்கள் இரண்டு எடுங்கள். ஒன்றில் உங்கள் கிணற்றுத் தண்ணீரையும் மற்றதில் மழைத்தண்ணீரையும் அரைவாசிக்கு நிரப்புங்கள். மழை இல்லாத காலமென்றால் பற்றரிக்கு ஊற்றும் காய்ச்சி வடித்த தண்ணீர் போதும். உடுப்புத் தோய்க்கும் கட்டிச் சவர்க்காரத்தைச் சீவி, இரண்டிலும் ஒரே அளவு போட்டு நன்றாகக் குலுக்குங்கள். மழைத்தண்ணீரில் நுரை பொங்கி நிற்கும். கிணற்றுத் தண்ணீரில் நுரை குறைந்து, தண்ணீர் கலங்கி, மேலே வெள்ளைத் திரள் மிதந்தால் அது வன்னீர், அதாவது கல்சியமும் மக்னீசியமும் கூடிய தண்ணீர். இந்தச் சோதனையை ஷாம்பூ போட்டுச் செய்ய வேண்டாம். ஷாம்பூ வன்னீரிலும் நுரைக்கும்.

தண்ணீர்ப் பரிசோதனை அறிக்கை கையில் இருந்தால் 'மொத்த வன்மை' என்ற வரியைப் பாருங்கள். லீற்றருக்கு 60 மில்லிகிராம் வரை மென்னீர். 120ஐத் தாண்டினால் வன்னீர், 180ஐத் தாண்டினால் மிக வன்மையான நீர். குடாநாட்டின் பல கிணறுகள் இந்தக் கடைசி வகைக்குள் வரும்.

வன்மையும் சவரும் ஒன்றல்ல. சவர் என்பது உப்பு. குடாநாட்டின் நன்னீர், உவர்நீருக்கு மேலே ஒரு படையாக நிற்கிறது. நிலாவரைக் கிணற்றில் மேலே நன்னீரும் ஆழத்தில் உவர்நீரும் இருப்பது இதனால்தான். கோடை முற்றி மோட்டரால் அளவுக்கு மிஞ்சி இறைக்கும்போது கரையோரக் கிணறுகளில் உப்பு ஏறும். தீவுப்பகுதி மக்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. வன்மையின் ஒரு பகுதி தண்ணீரைக் கொதிக்கவைத்தால் அடியில் படிந்து நீங்கும். உப்பு நீங்காது, கொதித்து வற்ற வற்ற இன்னும் செறிவாகும். சவர்க் கிணறு உள்ளவர்கள் கடைசியாக அலசுவதற்காவது ஒரு வாளி நல்ல தண்ணீர் தேடத்தான் வேண்டும்.

தாளையடியில் கடல்நீரை நன்னீராக்கும் நிலையம் 2024இல் திறக்கப்பட்டது. குழாய்த் தண்ணீரும் கிணற்றுத் தண்ணீரும் இரண்டும் உள்ள வீடுகளில் இரண்டையும் தனித்தனியே சோதித்து, நுரை கூடியதைத் தலைக்கு வையுங்கள்.

உங்கள் முடி ஏன் வரள்கிறது

தலைத்தோலில் சுரக்கும் எண்ணெய் நேரான முடியில் தடையின்றிக் கீழே இறங்கும். சுருட்டையில் ஒவ்வொரு வளைவிலும் அது தங்கிவிடும். அதனால் உச்சியில் பிசுபிசுப்பும் முனையில் வரட்சியும் ஒரே தலையில் இருக்கும். முடியின் மேற்பரப்பு கிடுகு வேய்ந்த கூரையைப்போல ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய செதில்களால் ஆனது. வளைவுகளில் இந்தச் செதில்கள் எளிதாகக் கிளம்பும். கிளம்பிய இடத்தில் ஈரம் வெளியேறும், பக்கத்து முடி சிக்கும்.

நீளம் இன்னொரு காரணம். முடி மாதத்துக்கு ஏறக்குறைய ஒரு சென்ரிமீற்றர் வளரும். இடுப்பைத் தொடும் 70 சென்ரிமீற்றர் முடியின் முனைக்கு ஆறு வயதுக்குக் கிட்ட ஆகிறது. அத்தனை ஆண்டு வெயிலும் சீப்பும் சவர்க்காரமும் பட்ட பகுதி அது. உச்சியில் நேற்று முளைத்த முடிக்குப் பொருந்துவது அதற்குப் பொருந்தாது.

இதிலிருந்து வரும் விதியை நன்றாக மனதில் வைத்துக்கொள்ளுங்கள்: ஷாம்பூ தலைத்தோலுக்கு, கண்டிஷனர் முடியின் நீளத்துக்கு. ஷாம்பூவைத் தெரிவு செய்யும்போது தலைத்தோலைப் பாருங்கள், கண்டிஷனரைத் தெரிவு செய்யும்போது முனையைப் பாருங்கள்.

தண்ணீர்க் கோப்பையில் ஒரு முடியைப் போட்டு, மிதக்கிறதா தாழ்கிறதா என்று பார்க்கச் சொல்லும் சோதனை இணையம் முழுக்க உண்டு. அதை நம்ப வேண்டாம். எண்ணெய் பட்ட முடி எப்படியும் மிதக்கும். விரல்களுக்கிடையில் ஒற்றை முடியை உருட்டிப் பார்ப்பது பயன் கூடியது. இருப்பதே தெரியாவிட்டால் மெல்லிய முடி, தடித்த கண்டிஷனர் அதை அமுக்கிவிடும். நூல்போல் தடித்துத் தெரிந்தால் கனமான கண்டிஷனரைத் தாங்கும்.

போத்தலின் பின்பக்கத்தை வாசிப்பது

முன்பக்கத்தில் மூலிகை, தேன், பால், கற்றாழை என்று எதுவும் எழுதலாம். முடிக்கு நடப்பதைத் தீர்மானிப்பது பின்பக்கத்துச் சின்ன எழுத்து. சேர்பொருட்கள் அளவு கூடியதிலிருந்து குறைந்ததற்கு வரிசையாக எழுதப்படும். 1 வீதத்துக்குக் குறைந்தவை மட்டும் எந்த ஒழுங்கிலும் வரலாம். முதலில் தண்ணீர் இருக்கும். அதை அடுத்து வரும் இரண்டு மூன்று பெயர்கள்தான் அழுக்கை அகற்றுபவை. மூலிகையின் பெயர் வாசனைப்பொருளுக்குப் பின்னால் நின்றால் அது பேருக்குத்தான் இருக்கிறது. பெயர்கள் ஆங்கிலத்தில் இருக்கும். எழுத்துக்கூட்டி வாசித்தால் பிடிபட்டுவிடும்.

சோடியம் லோரில் சல்பேற், அமோனியம் லோரில் சல்பேற் இரண்டும் கடுமையானவை. எண்ணெயைத் துப்புரவாக உரித்தெடுக்கும். வரண்ட சுருட்டைக்கு ஒவ்வொரு கிழமையும் இவை வேண்டாம். சோடியம் லோரெத் சல்பேற் இவற்றைவிடச் சற்று மென்மையானது; கடைகளில் உள்ள பெரும்பாலான ஷாம்பூக்களில் இதுதான். இதனோடு கோகமிடோப்ரோப்பில் பீட்டெய்னும், பொலிகுவாட்டர்னியம் என்று தொடங்கும் ஏதாவது ஒன்றும் சேர்ந்திருந்தால் அதன் கடுமை நன்றாகக் குறையும். கைச்செலவு இறுக்கமானவர்கள் இப்படிப்பட்ட ஒன்றை வாங்கித் தண்ணீரில் கரைத்துப் பாவிப்பதில் எந்தக் குறையும் இல்லை. சல்பேற் புற்றுநோய் தரும் என்று வட்ஸ்அப்பில் சுற்றும் செய்தியை நம்பிப் பயப்பட வேண்டாம். நம் கவலை வரட்சி மட்டும்தான்.

மென்மையானவை என்று தேட வேண்டிய பெயர்கள்: சோடியம் கோகொயில் ஐசெதியோனேற், டெசில் குளுக்கோசைட், கோகோ குளுக்கோசைட், டைசோடியம் லோரெத் சல்போசக்சினேற், சோடியம் லோரோயில் சார்கோசினேற். தண்ணீருக்கு அடுத்து இவற்றில் ஒன்றோ இரண்டோ இருந்தால் போத்தலைக் கையில் எடுக்கலாம்.

ஒரு பொறி உண்டு. 'சல்பேற் இல்லை' என்று முன்னால் பெரிதாக எழுதிவிட்டு, பின்னால் சோடியம் சி14-16 ஒலிபின் சல்போனேற் முதலிடத்தில் இருக்கும். அது சல்பேற் அல்ல என்பது உண்மை. ஆனால் எண்ணெயை அகற்றும் வேகத்தில் சல்பேற்றுக்குக் கிட்ட நிற்கும். கூடிய விலை கொடுத்து அதை வாங்கிவிட்டு 'சல்பேற் இல்லாததும் எனக்குச் சரிவரவில்லை' என்று கைவிட்டவர்கள் உண்டு.

யாழ்ப்பாணத்தில் இருப்பவர்கள் இன்னும் ஒரு பெயரைத் தேட வேண்டும்: டைசோடியம் ஈடிரிஏ அல்லது டெற்றாசோடியம் ஈடிரிஏ. இவை கல்சியத்தைப் பிடித்துவைத்து முடியில் படியவிடாமல் தடுப்பவை. மென்மையான ஷாம்பூ ஒன்றையே மாதக்கணக்கில் வன்னீரில் பாவித்தால் படிவு மெல்ல ஏறி, சுருள் தளர்ந்து, முடி மங்கி, எவ்வளவு கண்டிஷனர் போட்டாலும் உள்ளே போகாத நிலை வரும். முடி வரண்டுவிட்டது என்று நினைத்து இன்னும் எண்ணெய் பூசுவார்கள். படிவுக்கு மேல் எண்ணெய் ஏறினால் நிலைமை மோசமாகும். ஆகவே மாதம் ஒருமுறை ஈடிரிஏ உள்ள, சற்று வலுவான ஷாம்பூவால் கழுவிவிடுங்கள். மிக வன்மையான தண்ணீர் என்றால் இரண்டு கிழமைக்கு ஒருமுறை. அதற்கென்று தனிப் போத்தல் வாங்கத் தேவையில்லை. வீட்டில் மற்றவர்கள் பாவிக்கும் சாதாரண ஷாம்பூவில் ஈடிரிஏ இருக்கிறதா என்று பாருங்கள், அனேகமாக இருக்கும்.

'அல்ககோல்' என்ற சொல்லைக் கண்டதும் போத்தலைத் திருப்பி வைக்க வேண்டாம். செற்றில், செற்றியரில், ஸ்ரியரில் என்ற பெயர்களோடு வருபவை கொழுப்பு வகை; கண்டிஷனரின் வழுவழுப்பே அவைதான். வரளச் செய்பவை அல்ககோல் டெனாற், ஐசோப்ரோப்பில் அல்ககோல் போன்றவை. சிலிக்கோனைப் பற்றியும் அளவுக்கு மிஞ்சிய பயம் பரவியிருக்கிறது. டைமெதிக்கோன், அமோடைமெதிக்கோன் போன்றவை முடிமேல் மெல்லிய படையாக நின்று உராய்வைக் குறைக்கின்றன. ஷாம்பூ பாவிப்பவரின் தலையில் அவை நிரந்தரமாகத் தங்குவதில்லை. இடுப்பளவு முடியின் முனைக்கு அவை உதவிதான் என்பது என் கருத்து.

தோல் எளிதில் கடிக்கும் தன்மை உள்ளவர்கள் மெதில்ஐசோதியசோலினோன் என்ற பாதுகாப்புப் பொருளையும் கடும் வாசனையையும் தவிருங்கள். எந்தப் புதுப் போத்தலையும் தலையில் வைக்குமுன், ஒரு துளியைத் தண்ணீரில் கரைத்து முழங்கையின் உட்புறம் தடவிக் கழுவி, இரண்டு நாள் பொறுத்துப் பாருங்கள்.

சவர்க்காரக் கட்டியும் ஷாம்பூக் கட்டியும்

மேலுக்குப் போடும் சவர்க்காரத்தைத் தலைக்கும் போடுவது இங்கே இன்னும் வழக்கத்தில் உண்டு. சுருட்டைமுடிக்கு இதைவிடக் கெடுதல் எனக்குத் தெரியவில்லை. சவர்க்காரத்தின் பிஎச் (புளிப்பா காரமா என்று காட்டும் அளவு) 9க்கும் 10க்கும் இடையில் இருக்கும். தலைத்தோலுக்கு ஏற்றது 5.5 அளவு. காரம் பட்டதும் முடியின் செதில்கள் கிளம்பிவிடும். அதோடு சவர்க்காரம் நம் தண்ணீரிலுள்ள கல்சியத்தோடு சேர்ந்து, தண்ணீரில் கரையாத ஒரு பிசினாக மாறும். போத்தலில் மிதந்த அதே வெள்ளைத் திரள்தான். அது முடியில் ஒட்டினால் தண்ணீர் எவ்வளவு ஊற்றினாலும் போகாது.

கையால் செய்த 'இயற்கை ஷாம்பூக் கட்டி' என்று அழகாகச் சுற்றி விற்கப்படுபவற்றில் ஒரு பகுதி, தேங்காய் எண்ணெயையும் காரத்தையும் சேர்த்துச் செய்த சவர்க்காரமே. சேர்பொருட்களில் சோடியம் கோகோவேற், சோடியம் பாமேற் என்று இருந்தாலோ, எண்ணெய்களின் பெயரோடு சோடியம் ஐதரொட்சைட் (கோஸ்ரிக் சோடா) என்று இருந்தாலோ அது சவர்க்காரம். மென்னீர் ஊர்களில் அது ஒருவேளை சரிவரும். சுண்ணாம்புக் கிணற்றுக்கு வேண்டாம். சோடியம் கோகொயில் ஐசெதியோனேற் முதலிடத்தில் இருக்கும் கட்டி வேறு; அது உண்மையான ஷாம்பூ, வாங்கலாம். ஊர்ப் பெண்கள் சிறு தொழிலாகச் செய்பவற்றை வாங்க விரும்புவது நல்ல மனம். அவர்களிடமே 'இதில் கோஸ்ரிக் சோடா போட்டிருக்கிறதா' என்று கேளுங்கள். போட்டிருந்தால் மேலுக்கு வாங்குங்கள்.

குழந்தைகளின் ஷாம்பூ கண் எரியாமல் செய்யப்பட்டது. தலைத்தோலுக்கு மென்மையானதுதான், ஆனால் நீள முடியின் சிக்கை எடுக்கும் பொருள் அதில் குறைவு. அதைப் பாவித்தால் கண்டிஷனரைக் கூட்டுங்கள்.

சீயாக்காய், அரப்பு, செவ்வரத்தை, தேசிக்காய்

அம்மம்மாமார் தோய வார்த்த பொருட்களை நான் ஒதுக்கச் சொல்லவில்லை. அவற்றில் எது சுருட்டைக்குப் பொருந்தும், எப்படிச் செய்தால் பொருந்தும் என்பதைப் பார்க்க வேண்டும்.

சீயாக்காயில் உள்ள சபோனின் இயற்கையாக நுரைப்பது. சவர்க்காரத்தைப்போல வன்னீரில் திரளாது. சற்றுப் புளிப்புத் தன்மையும் உண்டு. இந்த இரண்டும் நமக்கு நல்லவை. பிரச்சினை தூளில் இருக்கிறது. தூளைக் குழைத்துத் தேய்த்தால் நுண்ணிய சக்கை சுருளுக்குள் மாட்டிக்கொள்ளும். அதை எடுக்க உரஞ்ச வேண்டிவரும். உரஞ்சினால் முடி அறும். எனவே காயாக வாங்குங்கள். விதையை நீக்கி, ஒரு கைப்பிடியை இரவு ஊறவைத்து, மறுநாள் அதே தண்ணீரோடு மெல்லிய நெருப்பில் அவித்து, ஆறியதும் கசக்கிப் பருத்தித் துணியால் இருமுறை வடியுங்கள். வடித்த சாறை மட்டும் தலைத்தோலில் ஊற்றிக் கழுவுங்கள். கண்ணில் படக்கூடாது, கடுமையாக எரியும். சாறு நாட்படாது, அன்றைக்குச் செய்ததை அன்றைக்கே முடித்துவிடுங்கள். பூந்திக்கொட்டை இன்னும் வலுவானது. வரண்ட முடிக்கு அதைத் தனியாகப் பாவிக்க வேண்டாம்.

அரப்பில் சேரும் பயறும் வெந்தயமும் அரைத்த விழுதாகவே தலையில் ஏறுவதால் சீயாக்காய்த் தூளின் குறையே அதற்கும் உண்டு. சடங்குக்கு வைப்பது வேறு. வாராவாரம் தோய்வதற்கென்றால் வெந்தயத்தை ஊறவைத்து அதன் கொழகொழத்த தண்ணீரை மட்டும் எடுங்கள்.

செவ்வரத்தம் இலையைத்தான் நான் எல்லாவற்றுக்கும் மேலாகச் சொல்வேன். கைப்பிடி இலையைக் கழுவி, தண்ணீரில் கசக்கினால் வழுவழுப்பான சாறு வரும். வடித்து, சீயாக்காய்ச் சாற்றோடு சேர்த்தாலும் சரி, ஷாம்பூவுக்குப் பின் முடியின் நீளத்தில் தடவிச் சிக்கெடுத்தாலும் சரி, சீப்பு வழுக்கிக்கொண்டு இறங்கும். வேலியோரம் நிற்கும் செடி, ஒரு சதம் செலவில்லை.

தேசிக்காயில் கவனம் வேண்டும். வெட்டிய தேசிக்காயைத் தலையில் நேரே தேய்த்துவிட்டு வெயிலில் நின்றால், சாறு பட்ட தோல் சிவந்து, கொப்பளித்து, கறுத்துப்போகலாம். தேசிக்காயிலுள்ள சில பொருட்கள் வெயிலின் புறஊதாக் கதிரோடு சேர்ந்து தோலைச் சுடுகின்றன. ஒரு லீற்றர் தண்ணீரில் ஒரு மேசைக்கரண்டி சாறு, அதுவும் வடித்தது. ஊற்றி ஒரு நிமிடம் வைத்து அலசிவிடுங்கள். இந்த அளவில் அது கல்சியப் படிவைக் கரைக்கும், கிளம்பிய செதிலைப் படியவைக்கும். கலக்கும் தண்ணீர் கிணற்றுத் தண்ணீராக இருந்தால் சாற்றின் புளிப்பில் ஒரு பகுதியைச் சுண்ணாம்பே தின்றுவிடும். மழைத்தண்ணீரோ, கொதிக்கவைத்து ஆறி மேலாகத் தெளித்தெடுத்த தண்ணீரோ நல்லது.

வாங்கப் போகும்போது

சுன்னாகத்திலும் நெல்லியடியிலும் உள்ள சாதாரணப் பலசரக்குக் கடையில் மென்மையான ஷாம்பூவின் தெரிவு குறைவு. யாழ். நகரத்துப் பார்மசிகளிலும் சுப்பர்மாக்கற்றுகளிலும் தேடிப்பாருங்கள். சீயாக்காய்க்கும் வெந்தயத்துக்கும் நாட்டுமருந்துக் கடை. சிறிய பைக்கற்றில் கிடைத்தால் முதலில் இரண்டு பைக்கற்று வாங்கிச் சோதியுங்கள். போத்தல் என்றால் ஆகச் சிறியதை வாங்குங்கள். விலையை 100 மில்லிலீற்றருக்கு எவ்வளவு என்று வகுத்து ஒப்பிடுங்கள். இறக்குமதிப் பொருளில் இறக்குமதியாளரின் பெயர், காலாவதித் திகதி, விலை மூன்றும் தெளிவாக இருக்க வேண்டும். திறந்த சாடியின் சிறு படமும் அதற்குள் 12 என்ற எண்ணும் இருந்தால், திறந்து 12 மாதத்துக்குள் முடிக்க வேண்டும் என்று பொருள். வெயில் விழும் கண்ணாடி அலுமாரியில் மாதக்கணக்கில் நின்ற போத்தலை வாங்க வேண்டாம்.

வெளிநாட்டுப் பார்சலில் வரும் ஷாம்பூவைப் பற்றி ஒரு சொல். ரொறன்ரோவில் இருக்கும் மச்சாளின் சுருட்டைக்கு அது நன்றாக வேலை செய்திருக்கலாம். அங்கே ஏரித் தண்ணீரும் பனிக்குளிரும். இங்கே சுண்ணாம்புக் கிணறும் சோளகக் காற்றும். அன்போடு அனுப்பியதை வாங்கிக்கொள்ளுங்கள், பின்பக்கத்தை வாசித்துவிட்டுப் பாவியுங்கள். அனுப்ப முன் கேட்கும் உறவினர் என்றால் ஷாம்பூவைவிட நல்ல கண்டிஷனர் அனுப்பச் சொல்லுங்கள். இங்கே தெரிவு குறைந்தது அதில்தான்.

தோயும் நாள்

1. தோய ஒன்றிரண்டு மணித்தியாலம் முன்னர் முடியின் கீழ்ப் பாதிக்கு மட்டும் தேங்காய் எண்ணெய் தடவுங்கள். அது முடித்தண்டுக்குள் புகக்கூடியது. கழுவும்போது முடி புரதத்தை இழப்பதைக் குறைக்கும். இடுப்பளவு முடிக்கும் இரண்டு தேக்கரண்டிக்கு மேல் தேவையில்லை. எண்ணெய் வழிய வழிய வைத்தால் அதை எடுக்கக் கடும் ஷாம்பூ வேண்டிவரும், பிறகு வரட்சிதான்.

2. காய்ந்த நிலையிலேயே விரலால் பெரிய சிக்குகளைப் பிரித்து, முடியை இரண்டாகவோ நான்காகவோ வகுத்துத் தளர்வாகப் பின்னிவிடுங்கள். நீள முடியைப் பின்னலோடு கழுவினால் பாதிச் சிக்கு வராது.

3. கிணற்றடியில் வாளியைத் தூக்கி ஒரேயடியாகத் தலையில் கவிழ்ப்பது சுருட்டைக்கு ஆகாது. குனியாமல் நேரே நின்று, கோப்பையால் உச்சியிலிருந்து கீழ்நோக்கி மெல்ல ஊற்றுங்கள்.

4. எண்ணெய் வைத்த நீளத்துக்கு முதலில் கொஞ்சம் கண்டிஷனர் தடவுங்கள். அது எண்ணெயை இளக்கி எடுக்கும், ஷாம்பூ நுரை இறங்கும்போது முனையையும் காக்கும்.

5. ஷாம்பூ ஒரு மேசைக்கரண்டியை மூன்று நான்கு மடங்கு தண்ணீரில் கரைத்து, மூக்குள்ள போத்தலில் விட்டு, தலைத்தோலில் வகிடு வகிடாக ஊற்றுங்கள். கரைத்ததை மிச்சம் வைக்க வேண்டாம், பழுதாகும். விரல் நுனியால், நகம் படாமல் இரண்டு நிமிடம் தேய்த்தால் போதும். முடியை உச்சியில் குவித்துக் கசக்க வேண்டாம். வழியும் நுரையே நீளத்துக்குப் போதும்.

6. நன்றாக அலசி, பின்னலை அவிழ்த்து, காதுக்குக் கீழே தாராளமாகக் கண்டிஷனர். அகலப் பல் சீப்பால் முனையிலிருந்து தொடங்கி மேலே மேலே ஏறிச் சிக்கெடுங்கள். கண்டிஷனர் இல்லாத ஈர முடியில் சீப்பு வைக்க வேண்டாம். ஈர முடி இழுபட்டு அறுந்துவிடும்.

7. கடைசி ஒரு வாளியை மழைத்தண்ணீராகவோ கொதித்து ஆறித் தெளிந்த தண்ணீராகவோ வையுங்கள். மாரியில் மழைத்தண்ணீர் பிடிப்பவர்கள் முதல் மழையைக் கூரை கழுவ விட்டுவிட்டு, பிறகு பிடித்து, இறுக்கி மூடி வையுங்கள். திறந்து கிடந்தால் டெங்கு நுளம்பு முட்டையிடும்.

8. துவாயால் உரஞ்சித் துடைப்பதும், முடியைத் துவாயால் அடித்துத் தட்டுவதும் வேண்டாம். பழைய பருத்திச் சாரத்தில் முடியைக் கொத்தாக ஏந்தி, கீழிருந்து மேலாக அமுக்கி ஈரத்தை ஒற்றுங்கள். அரைவாசி காய்ந்தபின் சுருளைக் கலைக்காமல் விட்டுவிடுங்கள். சாம்பிராணிப் புகையில் சூடு ஏற ஏறக் காயவைப்பதும் வரட்சியைக் கூட்டும்.

எத்தனை நாளுக்கு ஒருமுறை

வரண்ட சுருட்டைக்குக் கிழமைக்கு ஒருமுறை ஷாம்பூ பெரும்பாலும் போதும். வெள்ளிக்கிழமை தோயும் வழக்கம் உள்ளவர்கள் அதையே வைத்துக்கொள்ளலாம். வியர்த்து உச்சி கசகசத்தால் இடையில் ஒருநாள் வெறும் தண்ணீரால் கழுவி, நீளத்துக்குக் கண்டிஷனர் மட்டும் போடுங்கள். ஷாம்பூவை முற்றாக விட்டுக் கண்டிஷனரால் மட்டுமே கழுவும் முறையை யாழ்ப்பாணத்து வெக்கைக்கும் வன்னீருக்கும் நான் பரிந்துரைக்கமாட்டேன். படிவு ஏறும், தலை கடிக்கும்.

சோளகம் வீசும் மாதங்களில் காற்றும் புழுதியும் சேர்ந்து முடியைச் சிக்காக்கும். வெளியே போகும்போது பின்னியோ கொண்டை போட்டோ போங்கள். மாரியில் காய நேரமெடுக்கும் என்பதால் காலையிலேயே தோயுங்கள். கசூரினாவில் கடலில் இறங்குமுன் முடியை நல்ல தண்ணீரால் நனைத்துக் கண்டிஷனர் பூசிப் பின்னிவிட்டால், உப்புநீர் அவ்வளவாக ஊறாது.

பள்ளிக்கூடம் போகும் பிள்ளையின் சுருட்டையைத் திங்கட்கிழமை விடிய அவசரமாக நனைத்து, ஈரத்தோடு இறுக்கி இரட்டைப்பின்னல் போடும் வழக்கத்தை மாற்றுங்கள். ஞாயிறு மத்தியானம் தோயவைத்து, காய்ந்தபின் இரவே தளர்வாகப் பின்னிவிடலாம். 'பறட்டைத் தலை' என்று சொல்லிச் சொல்லிப் பிள்ளை தன் முடியை வெறுக்கப் பழகிவிடுகிறது. அந்தச் சொல் வீட்டில் வேண்டாம். சுருள் அதன் முடியின் இயல்பு. ஈரமும் பொறுமையும் கிடைத்தால் அது எத்தனை வடிவாக விழும் என்பதைப் பிள்ளை கண்ணாடியில் பார்க்கட்டும்.

சரிவருகிறதா என்று பார்ப்பது

புதிய ஷாம்பூவுக்கு நான்கு கிழமை கொடுங்கள். எரிவோ தடிப்போ வந்தால் மட்டும் உடனே நிறுத்துங்கள். இந்த நாலு கிழமையில் வேறெதையும் மாற்ற வேண்டாம். எண்ணெயும் கண்டிஷனரும் ஒன்றாக மாறினால் எது உதவியது என்று பிடிக்க முடியாது.

தோய்ந்த அன்றே முடி கரகரவென்று கீச்சிட்டு, தலைத்தோல் இறுகினால் ஷாம்பூ கடுமை. இன்னும் கரைத்துப் பாருங்கள், அப்படியும் இருந்தால் மாற்றுங்கள். தோய்ந்து இரண்டாம் நாளே உச்சி பிசுபிசுத்தால் சரியாக அலசவில்லை, அல்லது கண்டிஷனர் உச்சிக்கு ஏறியிருக்கிறது. முடி மெழுகு பூசியதுபோலக் கனத்து, மங்கி, சுருள் தொங்கினால் கல்சியப் படிவு. ஈடிரிஏ ஷாம்பூவும் தேசிக்காய்த் தண்ணீரும் ஒருமுறை. எல்லாம் சரியாக இருந்தும் முனை மட்டும் கிழிந்து சிக்கினால் அதை எந்தப் போத்தலும் ஒட்டாது. ஓரிரு சென்ரிமீற்றர் வெட்டிவிடுங்கள்.

பொடுகு இருந்தால் எண்ணெய் வைத்துத் தீர்க்கப் பார்க்க வேண்டாம். பொடுகோடு தொடர்புடைய மலசீசியா என்ற பூஞ்சை எண்ணெயைத் தின்று வளர்வது. கீற்றோகொனசோல் உள்ள ஷாம்பூவைப் பார்மசியில் கேட்டு, தலைத்தோலில் மட்டும் ஐந்து நிமிடம் வைத்துக் கழுவுங்கள். நீளத்துக்கு வழமைபோலக் கண்டிஷனர். வட்டம் வட்டமாக முடி கொட்டினாலோ, தலைத்தோலில் புண்ணோ தடித்த செதிலோ கண்டாலோ, கொத்துக் கொத்தாகக் கழன்றாலோ ஷாம்பூ தேடுவதை நிறுத்திவிட்டு யாழ். போதனா வைத்தியசாலையின் தோல் நோய்ப் பிரிவுக்குப் போங்கள். பாவித்த எல்லாப் போத்தல்களின் பின்பக்கத்தையும் கைத்தொலைபேசியில் படம் எடுத்துக்கொண்டு போனால், எதில் ஒவ்வாமை என்று வைத்தியர் தேடுவதற்கு உதவும்.